என் பொறுப்பு

ஏப்ரல் 18, 2021. ஞாயிறு

மறுபடியும் கோவிட் வார்டு. ஈரோட்டில் எங்கள் மருத்துவமனையின் மூன்றாம் மாடி, இருபத்தெட்டுப் படுக்கைகள். நேற்று மாலை நிர்வாக அதிகாரி சிவநேசன் சார் கூப்பிட்டு அனுப்பினார். "கனகவல்லி சிஸ்டர், நீங்கதான் இன்சார்ஜ். உங்களை விட்டா இதுக்கு எனக்கு வேற ஆள் தெரியல" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது.

வீட்டில் என் துணிமணியை மாடி அறைக்கு ஏற்றியாயிற்று. கணவர் படி வரைக்கும் வந்து சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறார். ரசத்தில் உப்பு இல்லை. பாவம், சொல்லவில்லை.

மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. மாடியில் டிவியும் இல்லை. அதனால் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் 22

படுக்கைகள் நிரம்பிவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்ற வேண்டியவர்களையும் நாங்களே வைத்துப் பார்க்கிறோம்.

என் கீழ் இருபத்திரண்டு பேர். எல்லோரும் சின்னப் பெண்கள். அமலி என்று ஒருத்தி தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரி, வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கவச உடைக்குள் வியர்த்து ஊற்றும்போதும் நோயாளிகளிடம் ஏதாவது பேசிச் சிரிக்க வைத்துக்கொண்டிருப்பாள். பதினான்காம் படுக்கையில் தங்கவேல் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் இருக்கிறார். அவரிடம் இன்று, "சார், ஆக்சிஜன் தொண்ணூத்தி நாலு. இதுல பாதி மார்க்கு கூட நான் கணக்குல எடுத்ததில்ல" என்றாள். அவர் மாஸ்க்குக்குள் சிரித்து இரும, நான் இருவரையும் திட்ட வேண்டியதாயிற்று.

ஏப்ரல் 25

ஒன்பதாம் படுக்கைப் பெண் காலையில் போய்விட்டாள். வயது இருபத்தாறு. பிள்ளை பெற்று எட்டு நாள். அமலி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் அவள் கணவன் குழந்தையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தான். கண்ணை மூடிவிட்டது நான்.

துணிகளை ஊறவைத்தேன். தலைக்குக் குளித்தேன். சாப்பாடு அப்படியே இருக்கிறது, பசியில்லை.

ஏப்ரல் 27

வசுந்தரா வந்தாள். வசு என் பள்ளித் தோழி. பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சு. அவள் மனநல மருத்துவம் வரைக்கும் படித்தாள், நான் நர்சிங்கோடு நின்றேன். என் பிரசவத்தில் என் அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றவள் அவள்தான். எங்கள் மருத்துவமனைக்கு வாரம் இரண்டு நாள் ஆலோசனைக்கு வருகிறாள்.

கேண்டீன் பின்பக்கம் வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பேசினோம். கோவிட் வார்டு நர்சுகளுக்கு மனசில் எவ்வளவு அடி விழுகிறது என்று அளக்கப் போகிறாளாம். மாதம் இரண்டு முறை, போனில் வரும் இருபது கேள்விகள். நடந்தது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதா, திடுக்கிட்டுப் போகிறீர்களா, சில இடங்களைத் தவிர்க்கிறீர்களா, இப்படி. இல்லவே இல்லை என்றால் பூஜ்யம், மிக அதிகம் என்றால் நான்கு. கூட்டுத்தொகை முப்பத்து மூன்றைத் தாண்டினால் கவனிக்க வேண்டுமாம். கடைசியில் உங்களை அதிகம் வருத்தும் நினைவு எது என்று எழுத ஓர் இடம்.

"பேரு போட வேண்டியதில்ல கனகு. ஆளுக்கொரு நம்பர். எந்த நம்பர் யாரோடதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும்" என்றாள்.

"புள்ளைக நம்பாதுடி. சொன்னா வேலை போயிரும்னு நெனைக்கும்."

"அதுக்குத்தான் உன்ற கிட்ட வந்திருக்கறேன். நீ சொன்னா கேப்பாங்க."

இந்த ஆய்வு நன்றாக வந்தால் மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஒன்று தொடங்குவார்கள், பொறுப்பு தனக்குக் கிடைக்கும் என்றும் சொன்னாள். சிவநேசன் சாரே சொன்னாராம். அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கும் மகிழ்ச்சி.

ஏப்ரல் 29

டீ நேரத்தில் எல்லோரையும் நிற்க வைத்துப் பேசினேன். மறைக்காமல் சொல்லுங்கள், சொன்னால்தான் உதவி கிடைக்கும் என்றேன். தயங்கினார்கள். அமலிதான் கேட்டாள்.

"அக்கா, இது ஆபீசுக்குப் போவாதுல்லா?"

"போகாது. என் பொறுப்பு."

"அப்பம் சரிக்கா. நீங்க சொன்னா சரிதான்."

ஏப்ரல் 30

நானும் நிரப்பினேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது. எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. இருபது வருடமாக இந்த வேலை பார்க்கிறேன்.

மே 3

கீழே குக்கர் விசில் அடித்தது. கையில் இருந்த தம்ளர் விழுந்து உடைந்துவிட்டது. சோப்புக் கை, வழுக்கிவிட்டது. கணவர் படிக்கட்டில் நின்றுகொண்டு, "என்னாச்சு கனகு?" என்று இரண்டு முறை கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

மே 7

ஆறு பேர் இன்று.

மே 9

வார்டுக்கு மேற்குக் கதவு வழியாகப் போய் வருகிறேன். சுற்றுதான், ஆனால் மருந்து அறைக்கு அது வசதி. எட்டு, ஒன்பது, பத்தாம் படுக்கைகளை அமலி பார்த்துக்கொள்கிறாள். அவளுக்குப் பழக்கமாகிவிட்டது.

இன்று மகள் இலக்கியா கீழே போனில் யாரோடோ பேசிச் சிரித்தாள். மாடியிலிருந்தே கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்பது நினைவில்லை. அப்புறம் வீடு முழுக்கச் சத்தமே இல்லை. பரீட்சை வருகிறது, படிக்காமல் பேசிக்கொண்டிருந்தால் கோபம் வராதா?

கையில் தோல் வெடித்திருக்கிறது. கிளவுஸ் பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை போல.

மே 12

வார்டு வாசலில் ஆக்சிஜன் அழுத்தம் காட்டும் பெட்டி ஒன்று சுவரில் இருக்கிறது. குழாயில் அழுத்தம் குறைந்தால் அது கத்த வேண்டும். காலையில் அழுத்தம் கொஞ்சம் இறங்கி ஏறியது, பெட்டி கத்தவில்லை. சிவநேசன் சாரிடம் நேரில் போய்ச் சொன்னேன். ஆள் அனுப்புகிறேன் என்றார்.

மே 15

இரண்டாம் முறை கேள்விகள் வந்தன. பெண்கள் இந்த முறை தயங்கவே இல்லை. அமலி நிரப்பிவிட்டு வந்து, "அழுதுட்டேன்க்கா. ஆனா நெஞ்சு லேசாயிட்டு. எல்லாத்தையும் எழுதிப் போட்டுட்டேன்" என்றாள். வசுவுக்கு இதைச் செய்தியாக அனுப்பினேன். கை கூப்பும் படம் இரண்டு அனுப்பினாள்.

நானும் முடித்துவிட்டேன்.

மே 17

பெட்டியைப் பற்றி இரண்டாம் முறை சொன்னேன். "ஊரடங்குல டெக்னீசியன் எங்கிருந்துங்க சிஸ்டர் வருவான்? கொஞ்சம் பார்த்து ஓட்டுங்க" என்றார் சார்.

மே 20

பதினான்காம் படுக்கை தங்கவேல் வாத்தியார் இறந்துவிட்டார்.

மே 21

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

மத்தியானம் கவச உடை சிக்கனம் பற்றிக் கீழே கூட்டம் என்று சிவநேசன் சார் எல்லா இன்சார்ஜ்களையும் கூப்பிட்டிருந்தார். வார்டில் அமலியும் இன்னொரு பெண்ணும் மட்டும். திடீரென்று குழாய் ஆக்சிஜனில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் அளவு இறங்கியிருக்கிறது. சுவர்ப் பெட்டி கத்தவில்லை. அமலிதான் நோயாளிகளின் முகத்தைப் பார்த்து, குழாயில்தான் கோளாறு என்று கண்டுபிடித்திருக்கிறாள். மற்றவளை வார்டில் நிறுத்திவிட்டு மாடிப்படியில் ஓடி, கிடங்கிலிருந்து பெரிய சிலிண்டர்களை ஊழியர்களோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் மேலே வந்தபோது கவச உடை கிழிந்து தொங்க, ஒவ்வொருவருக்காக மாற்றிக்கொண்டிருந்தாள். பதினோரு பேர் பிழைத்தார்கள். பதினான்காம் படுக்கைக்குப் போவதற்குள் நேரமாகிவிட்டது.

அவள் வாத்தியாரின் காலடியில் உட்கார்ந்து, "சார், சார்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான்தான் எழுப்பிக் கூட்டிவந்தேன். நீ பதினோரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறாய் என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நிச்சயமாகத் தெரியவில்லை.

மே 24

வாத்தியாரின் மகன் புகார் கொடுத்திருக்கிறார். பாவம், அவர் கேட்பதில் என்ன தப்பு? நடந்துவந்த அப்பா ஏன் இறந்தார் என்று கேட்கிறார். விசாரணைக் குழு வருகிறதாம். வரட்டும். சுவர்ப் பெட்டியைப் பற்றி இரண்டு முறை நான் சொல்லியிருக்கிறேன். சார் மறுக்க மாட்டார்.

மே 28

அமலியை அலுவலகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திரும்பி வந்தவள் மருந்து அறையில் என் முன்னால் நின்றாள்.

"அக்கா, சிவநேசன் சார் ஒரு வார்த்தை சொன்னாரு. 'ஒன்பதாம் படுக்கைப் பொண்ணு மூச்சு வாங்குற சத்தம் இன்னமும் உங்க காதுல கேக்குதாமே, அப்புறம் எப்படிம்மா அலாரம் கேக்கும்?'ன்னாரு."

"யார்கிட்டயாவது சொன்னயா?"

"யார்ட்டயும் சொல்லலக்கா. எங்க அம்மாட்ட கூடச் சொல்லல. அந்தக் கேள்வில கடைசில ஒரு இடம் இருந்துச்சுல்லா, அதுல மட்டும்தான் எழுதுனேன்."

ஹாஸ்டலில் தூக்கத்தில் உளறியிருப்பாள், யாராவது கேட்டிருப்பார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். நம்பினாளா தெரியாது.

வசு அப்படிப்பட்டவள் இல்லை.

மே 29

வசுவுக்கு நான்கு முறை போன் செய்தேன். எடுக்கவில்லை. கிளினிக்கில் கூட்டமாக இருக்கும்.

மே 31

வசுவிடமிருந்து ஒரு செய்தி: "கொஞ்சம் பிசி. அப்புறம் பேசறேன்." அவள் எனக்கு இவ்வளவு சுருக்கமாக எழுதியதே இல்லை.

வாழைப்பூ ஆய்ந்தேன். படியில் வைத்துவிட்டேன். நானே ஆய்ந்தது என்று கணவருக்கு ஆச்சரியம்.

ஜூன் 2

அமலியைப் பணியிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். மனநிலை பாதிக்கப்பட்டிருந்ததை மறைத்து வேலை பார்த்தாளாம், சம்பவ நேரத்தில் வார்டை விட்டு ஓடினாளாம். சிலிண்டர் எடுக்க ஓடியதற்கு இப்படி ஒரு பெயர். வார்டில் மற்றப் பெண்கள் யாரும் என்னோடு பேசவில்லை. டீ நேரத்தில் நான் போனதும் எழுந்து போய்விட்டார்கள்.

ஜூன் 4

சொல்லாமல் வசுவின் கிளினிக்குக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். உட்கார் என்று சொல்லவில்லை.

"எந்த நம்பர் யாரோடதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும்னு சொன்னயே வசு?"

"சிவநேசன் சாருதாண்டி கேட்டார். யாருக்கு அவசரமா உதவி வேணும்னு தெரிஞ்சாத்தான செய்ய முடியும்னார். நியாயமாத்தான் பட்டுது."

"எப்பக் கேட்டார்?"

அவள் மேசை மேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினாள்.

"சொல்லுடி. எப்ப?"

"இருபத்தஞ்சாந்தேதி."

"வாத்தியார் செத்தது இருபதாந்தேதி. புகார் வந்தது இருபத்துநாலு. இருபத்தஞ்சாந்தேதி வந்து அமலிக்கு உதவி பண்றேன்னு கேட்டார், நீ நம்பினே. அப்படித்தான?"

"கனகு, என்ற நெலமையையும் யோசிடி. ஆய்வுக்கு அனுமதி கொடுத்ததே அவங்க. முடியாதுன்னு சொன்னா எல்லாமே போயிரும். புதுப் பிரிவு, அதுக்கு வர்ற ஆளுங்க, எல்லாம். நாளைக்கு நூறு நர்சுகளுக்கு உதவப் போற விசயம்."

"அந்த நூறு பேருக்காக இவளைக் கொடுத்துட்டயா?"

நான் திரும்பி நடந்தேன். வெளியே வரும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்: "உன்னோடதையும் கேட்டாங்க. கொடுத்தேன். உனக்கு அது நல்லதுதான், கவலைப்படாதே."

எனக்கு முதலில் புரியவில்லை. வண்டியைக் கிளப்பி, பன்னீர்செல்வம் பூங்கா தாண்டி வரும்போது புரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. ஒரு போலீஸ்காரர் வந்து, "ஏனுங்க, பாஸ் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

ஜூன் 5

வேலைக்குப் போனேன், வந்தேன்.

ஜூன் 7

நாளை விசாரணை. என்னையும் சாட்சியாக வரச் சொல்லியிருக்கிறார்கள். சிவநேசன் சார் வராந்தாவில் பார்த்து, "ஒண்ணும் பயப்படாதீங்க சிஸ்டர். உங்க பேருக்கு எந்தக் களங்கமும் வராது. உங்க மனவலிமைக்குச் சான்றே எங்ககிட்ட இருக்கு" என்றார்.

ஏப்ரல் 30 அன்று எழுதியதைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது என்று எழுதியிருக்கிறேன். இருபது பூஜ்யம் போட அதற்கு மேல் என்ன நேரம் ஆகும்? இரண்டாம் முறையும் அதேதான்.

அந்தப் பிள்ளைகளை உண்மையைச் சொல்லச் சொல்லிவிட்டு நான் ஏன் அப்படிப் போட்டேன்? இன்சார்ஜ் தடுமாறினால் வார்டே தடுமாறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. ஒருவேளை அது ஆபீசுக்குப் போய்விட்டால் என்று எனக்குள் எங்கோ ஒரு பயம் இருந்திருக்கிறது. அந்தப் பயத்தை எனக்கு மட்டும் வைத்துக்கொண்டேன். அவர்களுக்கு "என் பொறுப்பு" என்று சொன்னேன்.

ஜூன் 8

குழுவில் மூன்று பேர். வெளியிலிருந்து வந்த வயதான டாக்டர் மெய்யழகன், ஒரு வக்கீல் அம்மா, எங்கள் மருத்துவமனையின் மேலாளர் ஒருவர். சிவநேசன் சார் நிர்வாகத் தரப்பில் பேசினார். வாத்தியாரின் மகன் மொட்டையடித்த தலையோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அமலி சுவரோடு ஒட்டிய நாற்காலியில். வசு வரவில்லை, அவள் கொடுத்த மதிப்பெண் காகிதம் வந்திருந்தது.

சிவநேசன் சார் அமைதியாகத்தான் பேசினார். "ஐயா, ஒரே வார்டு. ஒரே நோயாளிங்க. ஒரே வேலை. இந்தப் பொண்ணோட மதிப்பெண் அறுபத்தொண்ணு. அவங்களுக்கு மேல இருக்கிற இன்சார்ஜ் சிஸ்டரோடது ரெண்டு தடவையும் பூஜ்யம். அப்படின்னா குறை வேலையில இல்லீங்க, ஆளுக்குள்ளதான் இருக்கு. தெரிஞ்சிருந்தா நாங்க இவங்களை அன்னைக்கு வேலைக்கே விட்டிருக்க மாட்டோம்."

அமலி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவளுக்கு அது விளங்கவில்லை. என்னக்கா இது என்று கேட்பதுபோல் பார்த்தாள்.

டாக்டர் என்னிடம், "நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?" என்றார்.

எழுந்தேன். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பூஜ்யம் பொய்யிங்க டாக்டர்."

சிவநேசன் சார், "சிஸ்டர்" என்றார்.

"இருபதுக்கும் பொய்யாப் போட்டேனுங்க. இப்ப சொல்றேன், எழுதிக்குங்க. நடந்தது கண்ணு முன்னால வருதான்னு கேட்டிருந்தாங்க. வருது. சோத்துல கை வெச்சா வருது. சில இடத்தைத் தவிர்க்கறீங்களான்னு கேட்டிருந்தாங்க. ஒன்பதாம் படுக்கைப் பக்கம் நான் போய் ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அதுக்காக வார்டையே சுத்திட்டுப் போறேன். அந்தப் படுக்கையை இந்தப் பொண்ணு தலையில கட்டினது நான்தான். குக்கர் விசிலுக்கு நடுங்கறேன். பெத்த புள்ளை சிரிச்சா எனக்கு ஆத்திரம் வருது. எல்லாத்துக்கும் நாலு போட்டுக்குங்க. கூட்டினா இவளை விட அதிகமாத்தான் வரும்."

வக்கீல் அம்மா குறித்துக்கொண்டார்.

"அப்ப நீங்களும் வேலைக்குத் தகுதியில்லாத நிலைமையிலதான் இருந்தீங்கன்னு ஒத்துக்கறீங்களா?" என்றார் சிவநேசன் சார்.

"ஆமாங்க சார். நாங்க இருபத்திமூணு பேரும் அந்த நிலைமையிலதான் இருந்தோம். எங்களை விட்டா வேற ஆரு இருந்தாங்க? கத்தாத பெட்டியைப் பத்தி உங்ககிட்ட ரெண்டு தடவை வந்து சொன்னேன். அதுக்கு மனநிலை எல்லாம் வேண்டாம் சார், ஒரு டெக்னீசியன் வந்திருந்தாப் போதும்."

"அப்படி யாரும் என்கிட்ட சொல்லல" என்றார் அவர். என் கண்ணைப் பார்த்தே சொன்னார்.

டாக்டர் மெய்யழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பெட்டி எங்க இருக்கு?" என்றார். எல்லோரும் கவச உடை மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனோம். பெட்டியின் பக்கத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கிறது. அழுத்தினால் அலாரம் அடிக்க வேண்டும். டாக்டர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். வக்கீல் அம்மாவும் அழுத்திப் பார்த்தார்.

ஒரு சத்தமும் இல்லை. ஒரு மனிதர் செத்த பிறகும் யாரும் அதைச் சரிசெய்யவில்லை.

வாத்தியாரின் மகன் சுவரில் கை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு அமலியிடம் போய், "அப்பா போன்ல உங்களைப் பத்திச் சொல்லுவாருங்க. கணக்குல பெயிலான புள்ளை ஒண்ணு நல்லாப் பாத்துக்குதுன்னு" என்றார். அன்று முதல் முறையாக அமலி வாய்விட்டு அழுதாள்.

ஜூன் 11

அமலி மேல் தவறில்லை என்று குழு சொல்லிவிட்டது. அறிக்கையில் "தொழில்நுட்பக் கோளாறு" என்று இருக்கிறதாம். யார் பெயரும் இல்லை.

எனக்கு ஓய்வு தேவை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. எத்தனை நாள் என்று சொல்லவில்லை. சிவநேசன் சார் அதே அறையில் அதே நாற்காலியில் இருக்கிறார்.

ஜூன் 13

அமலி ஊருக்குப் போகிறாள். வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். பஸ் ஓடாததால் அவள் அண்ணன் மீன் வண்டியோடு வந்திருந்தான். ஹாஸ்டல் வாசலில் அவள் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தபோது போய்ச் சேர்ந்தேன்.

"திரும்ப வந்துரு அமலி. உன்மேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்கல்ல."

"வரலக்கா. அந்த வார்டுக்குள்ள இனிமே என்னால முடியாது."

வசுவைப் பற்றி, சிவநேசனைப் பற்றி ஏதேதோ சொன்னேன். எப்படி ஏமாற்றிவிட்டார்கள் பார் என்றேன். அவள் கேட்டுக்கொண்டே கயிற்றை இழுத்துக் கட்டினாள். முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

"அந்த டாக்டரம்மா யாரோக்கா எனக்கு. அவங்கள நான் ரெண்டு தடவைதான் பாத்திருக்கேன். சாரும் அப்பிடித்தான், பெரிய எடத்து ஆளு. நான் அவங்கள நம்பி எழுதல."

"தெரியும் அமலி."

"உங்களுக்கும் எங்கள மாதிரித்தான் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்க்கா. மேக்கு வாசல் வழியா வாறத பாக்கோமே. நீங்களும் எழுதியிருப்பீங்கன்னு நெனச்சுத்தான் நான் எழுதுனேன்."

அண்ணன் வண்டியைக் கிளப்பினான். அவள் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கோபமாகக் கதவைச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஜூன் 14

மாடியிலிருந்து கீழே வந்துவிட்டேன். என்ன சமைக்கட்டும் என்று கேட்டேன். கணவர் அடுப்பை அணைத்துவிட்டு, "உக்காரு கனகு. மொதல்ல சொல்லு" என்றார். முழுவதும் சொன்னேன். நடுவில் இலக்கியா வந்து கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் அன்று கத்தியது என்ன என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்கும்மா இப்ப?" என்றாள். சொல்ல மறுத்துவிட்டாள். அப்படியானால் மோசமாகத்தான் கத்தியிருக்கிறேன்.

ஜூலை 11

வசு வீட்டுக்கு வந்தாள். பழப் பையோடு. கணவர் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஆய்வு முடிந்துவிட்டதாம். கட்டுரை தயாராம். நர்சுகளில் பாதிக்கு மேல் கடும் மன அழுத்தம் என்று முடிவு வந்திருக்கிறதாம். புதுப் பிரிவுக்கு அடுத்த மாதம் திறப்பு விழா. ஒரு வார்த்தை கூட இடறாமல் சொன்னாள்.

"அதுல என்ற பதிலு இருக்குதா?" என்றேன்.

"இருக்கு."

"அதை எடுத்துரு. பொய்யின்னு குழு முன்னால சொல்லியாச்சு. எடுத்துரு, இல்லாட்டி சரியானதைப் போடு."

"முடிஞ்ச தரவை அப்படியெல்லாம் மாத்த முடியாதுடி. முறைன்னு ஒண்ணு இருக்குது."

"பேரைக் கொடுக்கறப்ப அந்த முறை எங்கடி போச்சு?"

அவள் முகம் சிவந்தது. பழப் பையை மேசை மேல் தள்ளி வைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன் வசு. நான் இருபதுக்கும் பூஜ்யம் போட்டப்ப, அது பொய்யின்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும்" என்றாள். "அந்த வார்டுல வேலை செய்யறவ இருபதுக்கும் பூஜ்யம் போட முடியாது. மொத நாளே தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஒரு வார்த்தை கேக்கலை. தெரிஞ்சே அதை அவர் கையில கொடுத்தே."

"நீ போட்டதைத்தான் கொடுத்தேன்."

முப்பது வருடச் சிநேகம். அவள் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதனால்தான் மனசு ஆறவில்லை. பையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். "இனி வராதே" என்றேன். செருப்பை மாட்டும்போது அழுதாள். கதவைச் சாத்தினேன்.

ஜூலை 19

அரசு மருத்துவமனையில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். கணவர் கூட வந்தார். கேட்டதற்கெல்லாம் உள்ளபடி சொன்னேன். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாரம் ஒரு முறை வந்து பேசச் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்று டோக்கன் வாங்கத்தான் கஷ்டம்.

ஆகஸ்ட் 1

அமலிக்கு ஒவ்வொரு ஞாயிறும் போன் செய்வேன். மணி அடித்து அடித்து நிற்கும். மற்றப் பெண்களில் ஒருத்தி சொல்லித்தான், அவள் ஊரில் தடுப்பூசி முகாமில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்று தெரியும்.

இன்றும் செய்தேன். எடுத்துவிட்டாள். எடுப்பாள் என்று நினைக்கவில்லை. அந்தப் பக்கம் கடல் காற்று இரைந்தது, யாரோ பெண்கள் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தையெல்லாம் மறந்துவிட்டது. "அமலி" என்றேன். அவ்வளவுதான்.

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"சாப்பிட்டீங்களாக்கா?" என்றாள்.

மணி மூன்றாகியிருந்தது. சாப்பிட்டேன் என்று வாய் வரை வந்துவிட்டது.

"இல்ல அமலி" என்றேன்.

"போய்ச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.